நிற்கத் தெரியாத மார்லிஸ்

கிளென்மோர் பெண்கள் ஐஸ் ஹாக்கி அணியில் தண்டனைப் பெட்டிக்கு அதிகம் போனவள் யார் என்று எங்கள் ஊரில் யாரைக் கேட்டாலும் யோசிக்காமல் சொல்வார்கள், மார்லிஸ் ஒசாச்சுக் என்று. பெண்கள் ஆட்டத்தில் உடம்பால் இடிக்கக் கூடாது. இடித்தால் நடுவர் கையைத் தூக்கி விசில் ஊதுவார். இடித்தவள் இரண்டு நிமிடம் அந்தக் கண்ணாடி அடைப்புக்குள் போய் உட்கார வேண்டும், அதுவரை அணிக்கு ஓர் ஆள் குறைவு. மார்லிஸ் அந்தப் பெட்டிக்கே குடி போய்விட்டாள் என்றுதான் சொல்ல வேண்டும். குளிருக்குப் போர்த்திக்கொள்ள அவளுடைய பழைய கம்பளிச் சட்டை ஒன்று அங்கேயே தொங்கும்.

பக்கத்து ஊரான ஹார்ட்வெல் அணிக்காரிகள் அவளுக்குக் 'காளை' என்று பெயர் வைத்திருந்தார்கள். அவள் வருவது தெரிந்தால் பக்கு என்கிற ரப்பர் வில்லையை விட்டுவிட்டு விலகுகிறவர்களும் உண்டு. எனக்கு இதைக் கேட்டால் சிரிப்புத்தான் வரும். நானும் அந்த அணியில் தற்காப்பு ஆடுகிறவள், அவளோடு ஒரே பெஞ்சில் உட்காருகிறவள். மார்லிஸைப் போல ஒரு சாதுவை மானிடோபா மாகாணம் முழுக்கத் தேடினாலும் பார்க்க முடியாது. பள்ளிப் பேருந்து ஓட்டுகிறாள். சாலையில் முயல் குறுக்கே போனால்கூட நிறுத்தி, அது போகும் வரை காத்திருப்பாள். பேருந்துக்குப் பிரேக் இருந்தது, அவளுக்குத்தான் இல்லை.

ஐஸில் சறுக்கிக்கொண்டு வந்தால், வலது பக்கம் திரும்பி எப்படியோ தட்டுத்தடுமாறி நின்றுவிடுவாள். இடது பக்கம் நிற்கவே தெரியாது. அந்தப் பக்கம் என்றால் தளத்தைச் சுற்றியுள்ள தடுப்புச் சுவரில் போய் மோதித்தான் நிற்பாள். அவளுக்கும் சுவருக்கும் நடுவில் யாராவது மாட்டிக்கொண்டால் அவர்கள் பாடு அவ்வளவுதான். பார்க்கிறவர்களுக்கு அது வெறித்தனமாகத் தெரிந்தது. எங்கள் கேப்டன் ஜோலீன் ஃப்ரீசன் இதை வெளியே விடக் கூடாது என்று எல்லோரையும் மிரட்டி வைத்திருந்தாள்.

"அவளுங்க பயப்படட்டும்டி. பயந்தா நமக்கு நல்லதுதானே" என்பாள் ஜோலீன்.

மார்லிஸ் ஹாக்கி ஆட வந்ததே நாற்பது வயதைத் தாண்டிய பிறகு. அதற்கு முன்னால் பத்துப் பதினைந்து வருஷம் இரண்டு மகள்களை விடியற்காலையில் எழுப்பி, ரிங்கு என்கிற ஐஸ் அரங்குக்கு ஓட்டிக்கொண்டு போய், லேஸ் கட்டிவிட்டு, மேலே மரப்படியில் போர்வையைச் சுற்றிக்கொண்டு உட்கார்ந்து பார்த்தவள். எங்கள் ஊரில் தாய்மார்கள் எல்லோரும் செய்கிறதுதான். மகள்கள் இரண்டு பேரும் வின்னிபெக்குக்குப் படிக்கப் போன வருஷம், அவர்களில் ஒருத்தி விட்டுப்போன பழைய ஸ்கேட்டில் காலை நுழைத்துப் பார்த்தாள். அளவு சரியாக இருந்தது. அடுத்த வாரமே எங்கள் உடை மாற்றும் அறை வாசலில் வந்து நின்று, "ஆள் வேணுமா" என்று கேட்டாள். பயிற்சி, பாடம் எதுவும் கிடையாது. பார்த்துப் பார்த்தே வந்துவிடும் என்று நினைத்தாள். எங்களில் பாதிப் பேர் அப்படித்தான் ஆட வந்தவர்கள், அதனால் யாரும் வேறு மாதிரி சொல்லவில்லை.

வினை போன மார்ச்சில் வந்தது. ஹார்ட்வெல்லோடு இறுதி ஆட்டம். சமநிலையில் இருக்கும்போது மார்லிஸ் இடது பக்கம் போன பக்கைத் துரத்தினாள், அங்கே ஷெல்பி இருந்தாள். ஷெல்பி அவர்கள் அணியிலேயே வேகமானவள், ஆளும் ஒல்லி. இருவரும் சேர்ந்து சுவரில் விழுந்த சத்தத்தில் சிற்றுண்டிக் கடையில் உருளை வறுத்துக்கொண்டிருந்தவர்கூட வெளியே வந்து எட்டிப் பார்த்தார். மார்லிஸ் பெட்டிக்குள் உட்கார்ந்திருந்த அந்த இரண்டு நிமிடத்தில் ஹார்ட்வெல் ஒரு கோல் போட்டது. கோப்பையும் அவர்கள் ஊருக்குப் போனது.

ஜோலீன் அன்றைக்கு எதுவும் பேசவில்லை. அக்டோபரில் பேசினாள். கோடையில் எங்கள் கோல்கீப்பர் பெவ், மகளோடு இருக்க பிராண்டனுக்குக் குடிபோய்விட்டாள். முதல் பயிற்சியன்று ஜோலீன் கோல்கீப்பர் கால்கவசங்களைத் தூக்கிக்கொண்டு வந்து மார்லிஸின் முன்னால் போட்டாள். ஒவ்வொன்றும் ஒரு மெத்தை அளவு இருக்கும்.

"இந்த வருஷம் நீ வலைக்குப் போடி. அங்க ஓட வேணாம், நிக்க வேணாம், யாரையும் இடிக்க வேணாம். பக்கு வந்தா குறுக்க விழுந்தா போதும். விழறது உனக்கு நல்லா வருது."

எல்லோரும் சிரித்தோம். ஓடத் தெரியாதவளை வலையில் நிறுத்துவது எங்கள் நாட்டுப் பழக்கம். சின்னப் பிள்ளைகள் தெருவில் ஆடும்போதே அதுதான் முறை. உண்மையில் வலையில் நிற்கிறவளுக்குத்தான் காலில் அதிக வித்தை வேண்டும் என்பது ஊருக்கே தெரியும். தெரிந்தும் செய்வோம்.

மார்லிஸ் சிரிக்கவில்லை. "நான் வலைக்குப் போக மாட்டேன், ஜோலீன்" என்றாள்.

"ஏன், கௌரவக் குறைச்சலா?"

"அதில்ல. ஆட்டம் அந்தக் கோடியில நடக்கும், நான் இந்தக் கோடியில நின்னு பாத்துட்டு இருக்கணும். எத்தனை வருஷம் பாத்தாச்சு. எனக்கு ஓடணும்."

ஜோலீன் கடுமையானவளே தவிர கல்நெஞ்சக்காரி இல்லை. புத்தாண்டு கழியட்டும், அதுவரை பள்ளிக்கூட அணியிலிருந்து ஒரு பெண்ணைக் கோலுக்கு இரவல் வாங்கிக்கொள்கிறேன், அதற்குள் நிற்கக் கற்றுக்கொண்டால் சரி, இல்லாவிட்டால் கவசத்தை மாட்டிக்கொள்ள வேண்டும் என்று கெடு வைத்தாள்.

எங்கள் ரிங்கில், ஐஸில் ஓட, திரும்ப, நிற்கக் கற்றுத்தரும் பெரியவர்களுக்கான பவர் ஸ்கேட்டிங் வகுப்பு சனிக்கிழமை காலை ஆறு மணிக்கு. யாருக்கும் வேண்டாத நேரம் என்பதால் பெரியவர்களுக்குக் கொடுத்திருந்தார்கள். நடத்துகிறவள் மிரேய் லாஃப்ரெனியேர். பள்ளியில் பிரெஞ்சு டீச்சர், முன்பு பனிச்சறுக்கு நடனத்தில் மாகாண அளவில் ஆடியவள், மார்லிஸைவிட ஒரு தலைமுறை இளையவள். ஹாக்கிக்காரர்களைக் கண்டாலே அவளுக்கு ஆகாது. மார்லிஸ் தனியாகப் போக வெட்கப்பட்டதால் நானும் கூடப் போனேன். அங்கே இன்னும் நாலைந்து பேர், எல்லாம் ஆண்கள். அவர்களில் லார்ன் என்கிற எலக்ட்ரீஷியன் சிறுவயதிலிருந்து ஆடுகிறவன், மனைவியின் நச்சரிப்பு தாங்காமல் வந்தவன்.

மிரேய் வந்ததும் செய்த முதல் வேலை, எங்கள் எல்லோருடைய மட்டையையும் பிடுங்கிச் சுவருக்கு வெளியே எறிந்ததுதான்.

"மட்டை இல்லாம என்ன ஹாக்கி?" என்றான் லார்ன்.

"யாரு ஹாக்கின்னு சொன்னா? மொதல்ல நடங்க. அப்புறம் பாக்கலாம்" என்றாள் மிரேய்.

சொன்னால் நம்ப மாட்டீர்கள், முதல் சுற்று முடிவதற்குள் நாங்கள் எல்லோரும் விழுந்துவிட்டோம். நாற்பது வருஷமாக ஆடுகிற லார்ன் முதலில் விழுந்தான். எங்களுக்குத் தெரியாமலே நாங்கள் எல்லோரும் மட்டையை ஊன்றித்தான் இத்தனை காலம் ஓடிக்கொண்டிருந்திருக்கிறோம். மார்லிஸ் எழுந்து பார்த்தாள், விழுந்தாள், திரும்ப எழுந்தாள். மிரேய் பக்கத்தில் வந்து நின்றாள்.

"உங்களுக்கு மூணு காலு, மார்லிஸ். ரெண்டு காலு, ஒரு மட்டை. பக்கைத் தொட மட்டையைத் தூக்கினீங்கன்னா காலு ஒண்ணு கொறஞ்சு போகுது. அப்புறம் எப்படி நிப்பீங்க?"

வீடு திரும்பும் வழியில் காரில் மார்லிஸ், "ஏழு வருஷமா மூணு காலுல ஓடியிருக்கேன் பாரேன்" என்றாள். அழுவாளோ என்று திரும்பிப் பார்த்தேன். அவள் சிரித்துக்கொண்டிருந்தாள்.

அதற்கப்புறம் சனிக்கிழமை தவறாமல் விழுந்தாள். இடது பக்கம் நிற்க வேண்டுமானால் உடம்பு இடப்பக்கம் திரும்ப வேண்டும், இரண்டு முழங்காலும் மடங்க வேண்டும், இடது காலின் வெளிவிளிம்பு ஐஸைச் சீவ வேண்டும். அந்த வெளிவிளிம்பின் மேல் அவளுக்கு நம்பிக்கையே வரவில்லை. எடையை அதன்மேல் வைக்கும் நேரத்தில் பயந்து நிமிர்ந்துவிடுவாள், கால் இழுத்துக்கொண்டு போய்விடும். கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு ஓடச் சொன்னாள் மிரேய். ஒற்றைக் காலில் வட்டம் போடச் சொன்னாள். மார்லிஸ் குனிந்து தன் ஸ்கேட்டையே பார்த்துக்கொண்டு போனால் ரிங்கின் மறுமுனையிலிருந்து கத்துவாள், "காலைப் பாக்காதீங்க, அது எங்கயும் ஓடிடாது."

இடுப்பு முழுக்கக் கன்றிப்போய் ஊதா நிறமாகிவிட்டது. அவள் கணவன் டாரில் நல்ல மனிதன், பேச்சு குறைவு. சனிக்கிழமை மதியம் அவள் வந்து சோபாவில் சாய்ந்தால், ஃப்ரீசரிலிருந்து பெரோகிக் கொழுக்கட்டைப் பொட்டலத்தை எடுத்து இடுப்புக்கு ஒத்தடம் கொடுப்பான். சாயங்காலம் அதையே வேகவைத்து, வெங்காயம் வதக்கிப் போட்டு இருவரும் சாப்பிடுவார்கள். ஒருநாள் மட்டும் கேட்டுவிட்டான்.

"ஏம்மா, வலையில நின்னாத்தான் என்ன? அதுவும் ஆட்டம்தானே?"

"ஆட்டம்தான், டாரில். ஆனா அது தானே கேட்டு வர்றவளுக்கு. என்னை ஓட வராதுன்னு அனுப்பறாங்க. அப்படிப் போனா நான் திரும்ப வரவே மாட்டேன்."

சமையலறைத் தரையில் அவள் கம்பளிக் காலுறையோடு வழுக்கி வழுக்கி நின்று பார்ப்பதற்காக டாரில் மேசையைச் சுவரோரம் நகர்த்திப் போட்டான். ஊர்ப் பேச்சுக்குக் குறைவில்லை. ஐம்பதை நெருங்கும்போது நடக்கக் கற்றுக்கொள்கிறாளாம் என்று பெட்ரோல் பங்கில் பேசிக்கொண்டார்கள். அப்படிப் பேசினவர்களில் ஒருவருக்கும் ஐஸில் பின்பக்கமாகச் சறுக்கத் தெரியாது என்பது எனக்குத் தெரியும்.

புத்தாண்டு வந்தது, போனது. இடது பக்கம் வரவில்லை. ஜனவரியில் ஒரு சனிக்கிழமை, வெளியே மைனஸ் முப்பத்தைந்து. லார்ன்கூட வரவில்லை. மிரேய் அவளை நடுக்கோட்டிலிருந்து முழு வேகத்தில் வரச் சொன்னாள். மார்லிஸ் வந்தாள், திரும்பினாள். கரகரவென்று ஒரு சத்தம். வெள்ளைத் தூள் முழங்கால் உயரம் பறந்தது. மார்லிஸ் கண்ணை மூடிக்கொண்டிருந்தாள்.

"விழலையே நான்?" என்றாள் கண்ணைத் திறக்காமலே.

"இல்ல. நின்னுட்டீங்க" என்றாள் மிரேய். அவள் முகத்தில் சிரிப்பைப் பார்த்தது அதுதான் முதல் தடவை. "இன்னொரு வாட்டி."

அடுத்த தடவை விழுந்தாள். அதற்கடுத்து நின்றாள். மூன்று தடவைக்கு இரண்டு தடவை நின்றாள். நான் சுவரோரம் போய் மூக்கைச் சிந்தினேன்.

அந்த வாரமே ஹார்ட்வெல்லோடு ஆட்டம். உடை மாற்றும் அறைக்குள் நுழைந்தால் மார்லிஸின் இடத்தில் கால்கவசங்கள் தயாராக இருந்தன.

"கெடு முடிஞ்சு போச்சு" என்றாள் ஜோலீன். "வருத்தப்படாத. போட்டுக்கோ."

"இன்னைக்கு ஒரு ஆட்டம் குடு" என்றாள் மார்லிஸ். "ஒரே ஒரு தடவை நான் பெட்டிக்குப் போனாலும், நானே எடுத்து மாட்டிக்கறேன். அப்புறம் வாயே திறக்க மாட்டேன்."

"ஹார்ட்வெல்லோட ஆட்டத்துல நீ பெட்டிக்குப் போகாம இருப்பியா? பகல்கனவு காணாதடி."

"ஒரு ஆட்டம், ஜோலீன்."

ஜோலீன் எங்களைப் பார்த்தாள். நான் என் லேஸை இறுக்குவதில் மும்முரமாக இருந்தேன். "சரி, போய்த் தொலை" என்றாள். பள்ளிக்கூடப் பெண் கவசத்தை எடுத்து மாட்டிக்கொண்டாள்.

அன்றைக்கு நடுவர் கார்த். மார்லிஸ் தளத்தில் இறங்கினாலே அவர் விசிலை உதட்டில் வைத்துவிடுவார், அவ்வளவு பழக்கம். ஆட்டத்தின் மூன்று பகுதிகளில் முதல் இரண்டிலும் மார்லிஸ் ஜாக்கிரதையாக ஆடினாள். வலது பக்கமாகவே திரும்பினாள், சுவர்ப்பக்கம் போகவில்லை, பக்குக்குப் பின்னால் அதிகம் ஓடவில்லை. தண்டனை இல்லைதான், ஆனால் பிரயோஜனமும் இல்லை. எனக்கு எரிச்சலாக வந்தது. இடைவேளையில் தண்ணீர் குடிக்கும்போது கேட்டேன்.

"இப்படிப் பதுங்கி ஆடறதுக்கா நாலு மாசம் விழுந்தே?"

அவள் தண்ணீர்ப் புட்டியை என் கையில் திணித்துவிட்டுப் போனாள்.

கடைசிப் பகுதி. அணிக்கு இரண்டு கோல், நேரம் ஓடிக்கொண்டிருந்தது. எங்கள் ஆட்கள் எல்லோரும் அவர்கள் வலைப்பக்கம் ஏறிப்போயிருந்தபோது பக்கு தவறி வெளியே வந்தது. நான் அதைத் தடுக்கப் போய் இடறி விழுந்தேன். எடுத்தது ஷெல்பி. எடுத்த கையோடு எங்கள் இடது சுவரை ஒட்டிப் பறந்தாள். அவளுக்கும் எங்கள் வலைக்கும் நடுவில் அந்தப் பள்ளிக்கூடப் பெண்ணைத் தவிர யாரும் இல்லை. பின்னால் துரத்தக்கூடிய தூரத்தில் இருந்தது மார்லிஸ் ஒருத்திதான்.

துரத்தினாள். நான் குப்புறக் கிடந்தபடியே பார்த்தேன். மட்டையை ஒற்றைக் கையில் ஐஸைத் தொடாமல் பிடித்திருந்தாள், இரண்டு காலும் மாறி மாறி ஐஸைத் தள்ளின. மார்லிஸ் இவ்வளவு வேகம் போவாள் என்று எங்களில் யாருக்கும் தெரியாது. இடைவெளி குறைந்துகொண்டே வந்தது. அதைப் பார்த்ததும் பெஞ்சிலிருந்த ஜோலீன் சுவரைப் பிடித்துக்கொண்டு எக்கினாள்.

"விட்டுடு, மார்லிஸ்" என்று கத்தினாள். "இடிச்சிடாத. அவளை விட்டுடு."

மூலைக்குப் பக்கத்தில் ஷெல்பிக்கு அந்த ஸ்கேட் சத்தம் கேட்டுவிட்டது. திரும்பிப் பார்த்தாள். காளை வருகிறது. பழகினவள் செய்வதைச் செய்தாள். பக்கை விட்டுவிட்டு, இரண்டு கையாலும் தலையைப் பொத்திக்கொண்டு, சுவரோடு ஒட்டிச் சுருண்டு, வருகிற அடிக்குக் காத்திருந்தாள். கார்த்தின் கை பாதி உயர்ந்துவிட்டது. ஹார்ட்வெல் பெண்கள் விசில் வரப்போகிறது என்று ஓட்டத்தை நிறுத்திவிட்டு நின்றார்கள்.

மார்லிஸ் இடது பக்கம் திரும்பினாள். முழங்கால் மடங்கியது. ஐஸ் தூள் கிளம்பி ஷெல்பியின் ஹெல்மெட்டிலிருந்து ஸ்கேட் வரைக்கும் மாவு கொட்டினது போலப் படிந்தது. இருவருக்கும் நடுவில் ஒரு கை அகலம் இடைவெளி இருந்தது. அந்த இடைவெளியில் பக்கு சும்மா கிடந்தது. மார்லிஸ் அதை எடுத்துக்கொண்டு, வந்த வழியே திரும்பினாள்.

விசில் வரவில்லை. எதிரணி ஆட்கள் வாயைப் பிளந்துகொண்டு நிற்க, மார்லிஸ் அவர்களைத் தாண்டிப் போனாள். என்னையும் தாண்டிப் போனாள். அப்புறம்தான் அவர்களுக்குச் சுரணை வந்து துரத்த ஆரம்பித்தார்கள். பெஞ்சில் எல்லோரும் எழுந்து மட்டையால் சுவரைத் தட்டினார்கள். விட்டுடு என்று கத்திய ஜோலீனே இப்போது, "ஓடுடி, ஓடுடி என் ராசாத்தி" என்று தொண்டை கிழியக் கத்தினாள்.

கோல் ஒன்றும் அழகான கோல் இல்லை. கீழாக ஒரு தட்டு தட்டினாள். அவர்கள் கோல்கீப்பரின் காலில் பட்டு, கம்பத்தில் பட்டு, யோசித்து யோசித்துக் கோட்டைத் தாண்டியது. கார்த்தின் கை முழுக்க உயர்ந்து வலையைக் காட்டியது. மார்லிஸ் எங்கேயும் மோதாமல் வலைக்குப் பக்கத்தில் நின்றாள், அதுவும் இடது பக்கம் திரும்பித்தான் நின்றாள். நாங்கள் எல்லோரும் போய் அவள்மேல் விழுந்தோம். அப்போது மட்டும் அவள் விழுந்தாள்.

மீதி நேரத்தில் ஒன்றும் நடக்கவில்லை, நாங்கள் நடக்க விடவில்லை. ஆட்டம் முடிந்ததும் ஜோலீன் பள்ளிக்கூடப் பெண்ணிடம் போய், அந்தக் கவசத்தைச் சீசன் முடியும் வரை நீயே வைத்துக்கொள், உன் பயிற்சியாளரிடம் நான் பேசிக்கொள்கிறேன் என்றாள். பிறகு மார்லிஸிடம் வந்து அவள் ஹெல்மெட்டைத் தன் ஹெல்மெட்டால் ஒரு முட்டு முட்டினாள். ஜோலீனிடமிருந்து அதற்கு மேல் யாரும் எதிர்பார்க்கக் கூடாது.

வழக்கம்போல இரண்டு அணியும் வரிசையாக நின்று கைகொடுத்துக்கொண்டோம். ஷெல்பியின் தோளில் இன்னும் வெள்ளைத் தூள் ஒட்டியிருந்தது. மார்லிஸின் முறை வந்ததும் ஷெல்பி அவள் கையை விடாமல் பிடித்துக்கொண்டாள்.

"இன்னைக்கு என்ன, என்னை இடிக்கவே இல்ல? உடம்பு கிடம்பு சரியில்லையா?"

மார்லிஸ் பதில் சொல்ல வாயைத் திறந்தாள். ஜோலீன் பின்னாலிருந்து வேண்டாம் என்று கண்ணைக் காட்டினாள். மார்லிஸ் அதைக் கண்டுகொள்ளவில்லை.

"ஷெல்பி, நான் ஒரு நாளும் வேணும்னு இடிச்சதில்ல. எனக்கு இந்தப் பக்கம் நிக்கத் தெரியாது. போன சனிக்கிழமை வரைக்கும் தெரியாது. அவ்வளவுதான் சமாச்சாரம்."

ஷெல்பி அவளை ஏற இறங்கப் பார்த்தாள். பிறகு திரும்பித் தன் ஆட்களைப் பார்த்தாள்.

"அடிப்பாவி. உன்னைப் பார்த்து எத்தனை வருஷமா நாங்க குலைநடுங்கிச் செத்தோம். நீ வந்தா எப்படி ஒதுங்கறதுன்னு எங்களுக்குத் தனியாப் பயிற்சியே உண்டு. நிக்கத் தெரியாதவளுக்கா அத்தனை பயந்தோம்?"

வரிசையில் இருந்த எல்லோரும் சிரித்துவிட்டார்கள், கார்த்தும் சிரித்தார். மார்லிஸ் மட்டும் சிரிக்கவில்லை. ஷெல்பியின் கையை அழுத்திக் குலுக்கினாள்.

"அப்ப பயந்தது வீண். இனிமேதான் நீங்க பயப்படணும்" என்று சொல்லிவிட்டு, வரிசையில் அடுத்தவளுக்குக் கை நீட்டினாள்.